கள்ளபார்ட்டில் தொடங்கியவர்

தமிழ் சினிமாவின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் 'பாகவதர், சின்னப்பா' என்று இரண்டு பெயரும் ஒரே மூச்சில் வந்து விழும். பின்னாளில் எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று வந்த ஜோடிக்கு இவர்கள் முன்னோடி ஜோடி என்பதுபோல. இருவரின் ரசிகர்களும் கொட்டகை வாசலில் மோதிக்கொண்ட கதைகளும் கூடவே வரும். பாடத் தெரிந்த இரண்டு கதாநாயகர்கள், ஒருவர் குரலில் இனிமை, மற்றவர் குரலில் கம்பீரம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த ஜோடிப் பெயரால் சின்னப்பாவுக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சமல்ல. பாகவதர் எந்தப் படத்தில் வந்தாலும் பாகவதராகவே வந்தார். ஜனங்கள் காசு கொடுத்துக் கேட்டதும் அதைத்தான். சின்னப்பாவின் வகை வேறு. டி.எஸ். பாலையா, எம்.ஆர். ராதா இருக்கும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தால்தான் அவர் யாரென்று பிடிபடும். கதாநாயகன் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட குணச்சித்திர நடிகர் அவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே திருடன், அயோக்கியன், தடுமாறுகிறவன் என்று தனக்குள் இருந்த அத்தனை பேரையும் வெளியே விட்டவர்.

பி.யு. சின்னப்பா என்ற பெயரில் முதலெழுத்து புதுக்கோட்டை, இரண்டாவது அப்பா உலகநாத பிள்ளை. அப்பாவே நாடக நடிகர். பிறந்தது 1916 மே 5. அப்போது புதுக்கோட்டை தொண்டைமான்களின் தனி சமஸ்தானம். திவான் சேஷய்யா சாஸ்திரி போட்டுக்கொடுத்த நேர்நேரான தெருக்கள், நான்கு ராஜவீதிகள், திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள், அவள் உருவம் பொறித்த அம்மன் காசு. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளுக்கு அங்கே நாடகம் ஒரு வழி. அந்த வழியில்தான் இந்தப் பையனும் இறங்கினான். ஐந்து வயதிலேயே 'சதாரம்' நாடகத்தில் குட்டித் திருடனாக மேடையேறினான் என்று சொல்வார்கள்.

நாடகக்காரர்களின் கணக்கில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று தனித்தனியாக உண்டு. ராஜபார்ட் என்றால் குரல், நிமிர்ந்த நிலை, ஹார்மோனியத்தோடு போட்டி போடும் தைரியம். கள்ளபார்ட்டுக்கு வேண்டியது வேறு. திருடன் பதுங்க வேண்டும். பதுங்குவது எல்லோருக்கும் தெரியவும் வேண்டும். பயப்பட வேண்டும், பயத்தை மறைத்துச் சிரிக்க வேண்டும். சதாரத்தின் திருடனுக்கு ஜனங்கள் காத்திருப்பார்கள்; அவன் வந்தால்தான் தூக்கம் கலையும்.

இன்றைக்கும் புதுக்கோட்டைப் பக்கத்தில் பங்குனி, சித்திரை வந்தால் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் விடிய விடிய நடக்கிறது. திருமயத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கொட்டகையின் பின்பக்கம் நின்று ஒரு வயதான நடிகர் முகத்துக்குப் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையைக் குழைத்துப் பூசி, புருவத்தை இழுத்து, மீசையை ஒட்டினார். அதுவரை சுற்றியிருந்தவர்களிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர் மீசை ஒட்டிய கணத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடியில் இரண்டு முறை தோளை மட்டும் அசைத்துப் பார்த்தார். முகம் அப்படியே இருந்தது, தோள் வேறு ஆளுடையதாகிவிட்டது. சின்னப்பாவின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தத் தோள்தான் ஞாபகம் வரும். உடம்பிலிருந்து வேஷத்துக்குள் போகிற வித்தை அது. சினிமா அதைக் கண்டுபிடிக்கவில்லை, நாடகத்திலிருந்து வாங்கிக்கொண்டது.

அந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவை, சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகள். முதலில் சங்கரதாஸ் சுவாமிகள் உருவாக்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா, பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. விடிகாலையில் எழுப்பிப் பாட்டுப் பாடம், வசனப் பாடம், ஒத்திகை, இரவு நாடகம். ஊர் ஊராகக் கம்பெனி வீட்டில் பாய் விரித்துத் தூக்கம். ஒரு பையனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றிரவு அவன் பார்ட்டை அடுத்தவன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே தன் பார்ட் மட்டும் தெரிந்தவனுக்கு அங்கே மதிப்பில்லை. இன்று திரவுபதி, நாளை துச்சாதனன், மறுநாள் கோமாளி. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களில் ஒருவர் காளி என். ரத்தினம், 'கோவலன்' நாடகத்தில் காளியாக ஆடிப் பட்டம் வாங்கியவர். பின்னால் 'சபாபதி' படத்தில் வேலைக்காரன் சபாபதியாக வந்து தமிழ்நாட்டையே சிரிக்கவைத்த அதே ரத்தினம். காளியிலிருந்து வேலைக்காரன் வரை போகத் தெரிந்த ஒருவரிடம் பாடம் கேட்டவன் ஒரு வகை வேஷத்தோடு அடங்குவான் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தக் கம்பெனியில் இருந்த இன்னொரு பையன் எம்.ஜி. ராமச்சந்திரன்.

பாய்ஸ் கம்பெனிப் பையன்களின் வாழ்க்கையில் ஒரு நாள் எல்லாம் குலைந்துபோகும். மகரக்கட்டு உடைகிற நாள். உச்சத்தில் நின்று பாடிய குரல் கரகரத்து எங்கோ இறங்கிவிடும். கைதட்டு வாங்கியவன் வெறும் ஆளாகிவிடுவான். சின்னப்பாவுக்கும் அது வந்தது. கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார். பலருடைய கதை இங்கே முடிந்துபோயிருக்கிறது. அவர் இரண்டு வேலை செய்தார். முறையாகச் சங்கீதம் கற்றார், உடம்பைக் கட்டினார். சிலம்பம், குஸ்தி, பளு தூக்குவது எல்லாம். உடைந்த குரலுக்குப் பதிலாக ஒரு புதுக் குரல், பையனின் உடம்புக்குப் பதிலாக ஒரு ஆணின் உடம்பு. பாகவதர் குரலில் இயற்கையின் கொடை தெரியும். சின்னப்பா பாடும்போது உழைப்பு தெரியும். மேல் ஸ்தாயிக்கு அவர் ஏறுவதில் பயில்வான் எடை தூக்குகிற மாதிரி ஒரு முனைப்பு இருக்கும். அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில்தான் நடிப்பு கேட்கிறது.

உடம்பைப் பற்றிச் சொல்லும்போது அதே ஊரில் பிறந்த இன்னொருவரைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. புதுக்கோட்டையில் நாகலிங்கமாகப் பிறந்து ராஜா சாண்டோ ஆனவர். அந்நாளில் உலகமெல்லாம் பயில்வான்களுக்கு ஒரு பெயர் மந்திரம்போல இருந்தது: யூஜின் சாண்டோ. ஜெர்மனியில் பிறந்த அந்தக் கட்டுடல்காரர் இந்தியாவுக்கும் வந்து காட்சி நடத்தியவர். அவர் பெயர் நம் ஊர்களில் ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. (அதே பட்டத்தோடு பின்னால் வந்த படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரையும் நம் சின்னப்பாவையும் ஒருவரென்று நினைத்துப் பேசுகிறவர்களை இப்போதும் பார்க்கலாம். தேவர் கோயம்புத்தூர்க்காரர்.) நாகலிங்கம் உடம்பை மட்டும் நம்பி பம்பாய் போனார். மௌனப் படத்துக்கு மொழி வேண்டாம், உடம்பு போதும். 'வீர் பீம்சேன்' போன்ற படங்களில் தொடங்கி, சுலோசனா, கோஹர் என்று அன்றைய பெரிய நட்சத்திரங்களுக்கு ஜோடியாகும் அளவுக்கு உயர்ந்தார். சென்னைக்குத் திரும்பி வந்து மௌனப் படங்களை இயக்கினார். பேசும் படம் வந்த பிறகு 1935இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'மேனகா'வை எடுத்தார். புராணத்தையே சுற்றிக்கொண்டிருந்த தமிழ்ப் படத்தை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று.

அடுத்த வருடம், 1936இல், ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவலான 'சந்திரகாந்தா' படமாயிற்று. மடத்து ஊழலைத் தோலுரிக்கும் கதை. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி மேடையில் போட்டுப் பெயர் வாங்கிய நாடகம். இயக்கம் ராஜா சாண்டோ. சுண்டூர் இளவரசனாகச் சின்னப்பா. படத்தில் அவர் பெயர் சின்னசாமி என்றிருந்தது. புதுக்கோட்டையில் பிறந்த ஒருவர் காமிராவுக்குப் பின்னால், புதுக்கோட்டையில் பிறந்த இன்னொருவர் அதற்கு முன்னால். ஒருவர் பேச்சில்லாத படத்தில் உடம்பை மொழியாக்கியவர். மற்றவர் பேச்சும் பாட்டும் நிறைந்த மேடையிலிருந்து வந்தவர். சின்னப்பாவின் திரை வாழ்க்கை இப்படித் தொடங்கியதை நான் வெறும் தற்செயலாகப் பார்க்கவில்லை. மேடையின் சத்தத்தைக் குறைத்து உடம்பை முன்னால் கொண்டுவருகிற பாடம் அவருக்கு முதல் படத்திலேயே கிடைத்திருக்கும். அதைச் சொல்லித்தரத் தமிழில் அப்போது ராஜா சாண்டோவைவிடத் தகுந்தவர் இல்லை. அவரே பிறகு பாகவதரை வைத்து 'திருநீலகண்டர்' எடுத்தார். 'சிவகவி'யையும் தொடங்கினார், அதை முடித்தவர் ஸ்ரீராமுலு நாயுடு. ராஜா சாண்டோ 1943இல் கோயம்புத்தூரில் காலமானார். அவர் பெயரில் அரசு விருது இருக்கிறது. அவர் எடுத்த தமிழ் மௌனப் படங்களில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் மிஞ்சியதாக அறியப்படுவது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே.

'சந்திரகாந்தா'வுக்குப் பின் நாலைந்து படங்கள் வந்தன. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. திருப்பம் சேலத்தில் வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1940இல் 'உத்தமபுத்திரன்' எடுத்தார். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதை. இரட்டைப் பிறவியில் ஒருவன் அரண்மனையில் கெட்டுப்போகிறான், மற்றவன் வெளியே நல்லவனாக வளர்கிறான். இரண்டும் சின்னப்பா. தமிழில் முதல் இரட்டை வேடம்.

அன்றைக்கு இரட்டை வேடம் என்பது என்ன வேலை என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். காமிராவை ஒரு மயிரிழை அசையாமல் இறுக்கிக் கட்டுவார்கள். லென்சில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, திறந்திருக்கும் பாதியில் நடிகரை நடிக்கவைத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, எடுத்த பாதியை மறைத்து, உடை மாற்றி வந்த அதே நடிகரை மறுபடி நிறுத்துவார்கள். முதல் முறை நடிக்கும்போது எதிரில் யாரும் இல்லை. காற்றைப் பார்த்துக் கோபப்பட வேண்டும். காற்று பதில் சொல்லும் நேரத்துக்குச் சரியாகக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் முறை, சற்று முன் தான் பேசியதற்குத் தானே பதில் சொல்ல வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டிக் கை நீண்டால் கை காணாமல் போகும். சரியாக வந்ததா என்பது லேபுக்குப் போய்ப் பிலிம் கழுவி வந்த பிறகுதான் தெரியும். எதிராளியின் பார்ட்டும் மனப்பாடமாக இருக்கிற ஒருவனால்தான் இது முடியும். பாய்ஸ் கம்பெனியில் எல்லாப் பார்ட்டும் தெரிந்து வளர்ந்த பையனுக்கு இந்தக் கறுப்பு அட்டையால் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது?

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நல்ல இளவரசனை மட்டும் வைத்துக்கொண்டு கெட்டவனை இன்னொரு நடிகருக்குத் தள்ளிவிட முடியாத கதை அது. கெட்டவனாக வருவதில் கதாநாயக நடிகர்களுக்கு இன்றும் ஒரு தயக்கம் உண்டு. ரசிகன் என்ன நினைப்பானோ என்ற பயம். குட்டித் திருடனாக மேடையேறியவருக்கு அந்தப் பயம் இல்லை.

1942இல் ஜூபிடர் நிறுவனத்தின் 'கண்ணகி'யில் கோவலனாக வந்ததையும் இதே கண்ணோடு பார்க்கிறேன். கோவலன் வேடத்தில் ஒரு நடிகருக்கு என்ன மிச்சம்? ஆசைப்படுவான், சொத்தை இழப்பான், மனைவியின் சிலம்பை விற்கப் போவான், திருட்டுப் பட்டத்தோடு வெட்டுப்பட்டுச் சாவான். அதன்பிறகு படம் முழுவதும் கண்ணகிக்குச் சொந்தம். இளங்கோவனின் வசனத்தை பி. கண்ணாம்பா பேசிய பேச்சுதான் ஊரெல்லாம் எதிரொலித்தது. புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு நாயகன், கதை முடியுமுன்னே செத்துப்போய் நாயகிக்குக் கொட்டகையை விட்டுக்கொடுக்கிற வேடத்தை ஏற்றார். அந்த வேடத்துக்கு வேண்டிய பலவீனத்தை முகத்தில் காட்டவும் செய்தார். மாதவி வீட்டில் நிற்கும் கோவலனின் அந்தப் பாதி மயக்கமும் பாதி அவமானமும் எனக்கு அவருடைய வீர வேஷங்களைவிட உசத்தி. அதே ஆண்டு 'மனோன்மணி'யில் புருஷோத்தமன், 'பிருதிவிராஜன்' என்று ராஜபார்ட்டுகளும் வந்தன. சம்யுக்தையாக நடித்த ஏ. சகுந்தலாவை 1944இல் மணந்துகொண்டார்.

'ஜகதலப்பிரதாபன்' வந்ததும் அந்த ஆண்டில்தான். பட்சிராஜா நிறுவனத்தின் தயாரிப்பு, இயக்கம் ஸ்ரீராமுலு நாயுடு. தேவலோகப் பெண்கள் நால்வர் தனக்குப் பணிவிடை செய்வதாகக் கனவு கண்டேன் என்று சொல்லித் தகப்பனின் கோபத்துக்கு ஆளாகும் இளவரசன் கதை. நம் பாட்டிகள் சொன்ன கதைதான். அதில் ஒரு கச்சேரி வருகிறது. பாடுகிறவர் சின்னப்பா. பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா. ஒரே திரையில் ஐந்து பேர்.

இதை வெறும் காமிரா ஜாலம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்தக் காட்சியை நிதானமாகப் பார்க்கவில்லை. கச்சேரி மேடையில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு குணம் உண்டு. பாடகர் சபையைப் பார்ப்பார். பக்கவாத்தியக்காரர் பாடகரின் வாயைப் பார்ப்பார். கொன்னக்கோல்காரர் தன் கணக்குக்குள் மூழ்கியிருப்பார். இந்தப் பார்வைகளைத் தனித்தனியாகத் தெரிந்திருந்தால்தான் ஒரே முகம் ஐந்து ஆளாகும். சின்னப்பா பிறந்த ஊரை இங்கே மறக்கக் கூடாது. கஞ்சிராவைச் சங்கீத மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளையின் ஊர் புதுக்கோட்டை. அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்தையும் கஞ்சிராவையும் ஆண்டது அந்த ஊர்ப் பெயரோடு. லயத்துக்குப் புதுக்கோட்டை பாணி என்றே ஒன்று உண்டு. தாளக்காரர்களை இவ்வளவு மதித்த ஊரில் வளர்ந்தவன் பக்கவாத்தியக்காரரை எடுபிடியாக நடிக்க மாட்டான். அந்த ஐந்து பேரில் யாரும் யாருக்கும் துணைப் பாத்திரம் இல்லை என்பதுதான் அந்தக் காட்சியின் அழகு.

அந்த வருடக் கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். களம் சின்னப்பாவுக்குத் திறந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. போட்டியாளர் இல்லாத நாட்களில் ஒரு நாயகன் என்ன செய்வான்? பாதுகாப்பான வேஷங்களாகப் பார்த்துப் போடுவான். சின்னப்பா அப்படி ஒதுங்கவில்லை. 'விகடயோகி' செய்தார். 1949இல் வந்த 'கிருஷ்ணபக்தி'யில் வெளியே பக்தியும் உள்ளே காமமுமாக அலையும் போலிச் சாமியார். அதில் அவர் செய்யும் காலட்சேபத்தைப் பற்றி அந்தத் தலைமுறைக்காரர்கள் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பக்தி நடிப்பு ஒன்று, பக்தியாக நடிக்கிறவனை நடிப்பது இன்னொன்று. இரண்டாவதில் சுருதி கொஞ்சம் கூடினால் கேலியாகிவிடும், கொஞ்சம் குறைந்தால் உண்மை பக்தியாகிவிடும். அந்தக் கத்தி முனையில் நிற்க ஆசைப்பட்டவர் அவர். அதே வருடம் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடம். 'ரத்னகுமார்' படத்தில் பி. பானுமதிக்கு ஜோடி. பாய்ஸ் கம்பெனித் தோழர் எம்.ஜி.ஆர். அதில் ஒரு சிறு வேடத்தில் வருகிறார். நாலைந்து வருடத்தில் நிலைமை எப்படித் தலைகீழாகப் போகிறது என்பது அந்தப் படத்தில் நடித்த யாருக்கும் தெரிந்திருக்காது.

சம்பாதித்ததை அவர் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். இனி சின்னப்பாவுக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டது என்பது ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. சொல்கிறவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள், கொஞ்சம் சிரிப்போடும். எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. சிறு வயதெல்லாம் ஊர் ஊராகக் கம்பெனி வீட்டில் அடுத்தவன் காலடியில் பாய் விரித்துப் படுத்தவன், மகரக்கட்டு உடைந்தால் நாளை தெருவில் நிற்போம் என்று தெரிந்தே வளர்ந்தவன், தன் ஊரில் ஒரு வீடு போதாது என்று நினைத்ததில் என்ன ஆச்சரியம்? மற்ற நட்சத்திரங்கள் சென்னையில் பங்களா கட்டிக்கொண்டிருந்தபோது அவர் பணத்தைச் சொந்த ஊர்த் தெருக்களில் கொட்டினார்.

1951 செப்டம்பர் 23ஆம் தேதி இரவு, புதுக்கோட்டையில் 'மணமகள்' படம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர் இரத்த வாந்தி எடுத்து இறந்துபோனார். வயது 35. திரையில் பதினைந்து வருடம், இருபத்தைந்தை ஒட்டிய எண்ணிக்கையில் படங்கள். குயவனான பக்தன் கோராகும்பராக அவர் நடித்த 'சுதர்சன்' அவர் போன பிறகு வெளியானது. முப்பத்தைந்து வயது என்பது குணச்சித்திர நடிகருக்கு ஆரம்பம். பாலையாவின் மிகச் சிறந்த வேஷங்கள் அந்த வயதுக்குப் பிறகுதான் வந்தன, எம்.ஆர். ராதா 'ரத்தக்கண்ணீர்' படத்தில் நடித்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். 1952இல் 'பராசக்தி' வந்து வசன நடிப்பின் காலம் திறந்தபோது சின்னப்பா உயிரோடிருந்து, பாட்டுச் சுமையை இறக்கி வைத்துவிட்டு, அண்ணனாகவும் அப்பாவாகவும் பழுத்த வில்லனாகவும் வந்திருந்தால் என்ற நினைப்பை என்னால் தள்ளிவிட முடியவில்லை. நமக்குக் கிடைத்தது அவருடைய முன்பாதி மட்டும்.

அவர் செய்ததை எடுத்துக்கொண்டவர் சிவாஜி. 1958இல் 'உத்தமபுத்திரன்' மறுபடி எடுக்கப்பட்டபோது இரட்டையர் இருவரும் அவரே; அதில் கெட்டவனாக வரும்போதுதான் அவர் அதிகம் மகிழ்ந்து நடிக்கிறார். 1965இல் 'திருவிளையாட'லில் பாடகரும் வாத்தியக்காரர்களுமாக அவர் ஒருவரே உட்கார்ந்த காட்சியைப் பார்த்துக் கைதட்டியவர்களில் வயதானவர்களுக்கு 'ஜகதலப்பிரதாபன்' நினைவு வந்திருக்கும். சிவாஜியும் பாய்ஸ் கம்பெனிப் பையன்தான். சீதையாகப் பெண் வேடம் போட்டுத் தொடங்கியவர். சின்னப்பாவின் வாரிசைத் தேடுகிறவர்கள் பாடகர் வரிசையில் தேடி ஏமாந்துபோகிறார்கள். வாரிசு இந்தப் பக்கம் இருந்தார்.

புதுக்கோட்டை இன்று தனி மாவட்டத்தின் தலைநகரம். அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, வாசக சாலைகள் இருக்கின்றன, நல்ல எழுத்தாளர்களும் படிப்பாளிகளும் இருக்கிறார்கள். 'கண்ணகி', 'ஜகதலப்பிரதாபன்', 'மங்கையர்க்கரசி' மூன்றையும் அந்த ஊரில் ஒரு பெரிய திரையில் போட்டு, அந்த மாவட்டத்தின் ஸ்பெஷல் நாடக நடிகர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, படம் முடிந்ததும் அவர்களைப் பேசச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. தோளும் கண்ணும் எங்கே எப்படி மாறுகின்றன என்பதை ராஜபார்ட்காரரும் கள்ளபார்ட்காரரும் சொல்வார்கள். சினிமா விமர்சகர்கள் அதைக் குறித்துக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாக்கள் முடிந்து ஆனி பிறந்துவிட்டால் நாடகக்காரர்களுக்கு இரவுகள் ஓய்வாக இருக்கும். அப்போது வைத்தால் எல்லோரும் வருவார்கள்.